உண்ணிக் கணக்கு

மே 4

எங்கள் நாய் சின்னி நேற்றிலிருந்து சோற்றைத் தொடவில்லை. காதைப் புரட்டினால் மடிப்புக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி. எதிர் குவார்ட்டர்ஸ் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "ஒரு பாராசிட்டமாலைப் பாதியா உடைச்சுக் குடுங்க தம்பி, காச்சல் விட்டுடும்" என்றார். தங்கமான மனுஷன். அவர் வீட்டில் பூனை இருப்பதுதான் என் பயம். நாய்க்கு அளவு மீறினால் கல்லீரல் கெடும். பூனைக்கோ அந்த அரை மாத்திரையே எமன். மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி அதன் உடம்பில் போதிய அளவு இல்லை. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகிவிடும். இரண்டு ரூபாய் வைத்தியத்தின் கதை இது.

நான் வேலை பார்க்கும் என்.எல்.சி. சுரங்க நிறுவனத்தின் ஆஸ்பத்திரியில் எனக்கும் என் வீட்டாருக்கும் வைத்தியம் உண்டு. சின்னிக்கு மெடிக்கல் புக் யாரும் போட்டுத் தரவில்லை.

மே 5

நைட் ஷிப்ட் முடிந்து நேராக அரசு கால்நடை மருத்துவமனை. மாடும் ஆடும் நிற்கும் வரிசையில் நாயோடு நிற்கச் சிலருக்குக் கூச்சம். அது மாட்டாஸ்பத்திரி என்று நினைத்தே தனியார் கிளினிக்குக்குப் போகிறார்கள். இங்கே பார்ப்பதற்குக் காசு இல்லை. இருக்கிற மருந்தைக் கொடுப்பார்கள், இல்லாததை எழுதித் தருவார்கள். 1962-க்கு அடித்தால் வண்டியே வரும் என்று ஒருத்தர் சொன்னார். அது கொட்டகையில் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிற மாட்டுக்கான வண்டி. ஸ்கூட்டர் முன்னால் உட்கார்ந்து வரக்கூடிய சின்னிக்காக அதை இழுப்பது நியாயமில்லை.

டாக்டர் ஈறை அழுத்திப் பார்த்தார். வெளுத்துப் போயிருந்தது. ரத்தப் பரிசோதனையில் எர்லிக்கியா, உண்ணி கடித்து ஏற்றுகிற கிருமி. டாக்ஸிசைக்ளின், நான்கு வாரம். "மனுஷனுக்குக் குடுக்கிற அதே மருந்துதான் சார். பிராண்ட் எழுதல, மருந்துப் பேரைத்தான் எழுதியிருக்கேன்" என்றார். மக்கள் மருந்தகத்தில் சொற்ப விலைக்கு முடிந்தது. எடை பார்த்து அவர் அளவு எழுதியதால்தான் மனுஷ மருந்தை நாய்க்குக் கொடுக்க முடிகிறது. நாமே கடையில் கேட்டு வாங்கியிருந்தால் அது வேறு கதை. கால்நடை மருந்துகளுக்கும் இப்படி ஜெனரிக் வேண்டும் என்று 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை பசு ஔஷதித் திட்டத்துக்கு 75 கோடி ஒதுக்கியது. நம்மூர்க் கடைக்கு வந்து சேரட்டும்.

மே 14

சின்னி அணிலைத் துரத்துகிறது. "அதான் நல்லாயிடுச்சேங்க, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்கிறாள் மனைவி. பாதியில் நிறுத்தினால் கிருமி உள்ளேயே பதுங்கிவிடும். மாதக்கணக்கில் கழித்து மூக்கில் ரத்தம் வரும்போது செலவு எங்கேயோ போய் நிற்கும். வயிறு நிறைந்த பிறகே கொடுக்கிறேன், வெறும் வயிற்றில் ஆகாது.

லீவு நாள் முழுக்கச் சுவர் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். உண்ணிகளில் பெரும்பங்கு நாய் மேல் இருப்பதில்லை, சுவரில்தான் இருக்கிறது. ரத்தம் குடித்த பெண் உண்ணி இறங்கிப் போய் வெடிப்புக்குள் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் மாதாமாதம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சுரங்கத்தில் எங்களுக்குத் தெரிந்த கணக்கு இது: கன்வேயரில் ரோலர் கத்த ஆரம்பித்ததும் மாற்றினால் ரோலரோடு போகும், விட்டால் பெல்ட்டே எரியும்.

நாய்க்கான உண்ணி மருந்து மிச்சம் இருந்தது. அண்ணன் பூனைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. அதில் இருப்பது பெர்மெத்ரின். நாய் தாங்கும், பூனைக்கு வலிப்பு வரும். கஞ்சன் என்று நினைத்திருப்பார்.

ஜூன் 2

பக்கத்துப் பிளாக்கில் ஒரு ஹஸ்கி வந்திருக்கிறது. பனிப்பிரதேச நாயை இந்த வெயிலில் ஏ.சி. போட்டு வளர்க்கிறார்கள். வாங்கப் பல்லாயிரம் கொடுத்தவர், பார்வோ தடுப்பூசிக்கு மட்டும் பேரம் பேசினார். மெடிக்கலில் வாங்கித் தானே போட்டுக்கொள்வாராம். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் தொங்கவிட்டு வெயிலில் வந்தால் உள்ளே போவது வெறும் தண்ணீர். குட்டிக்கு ஆறு எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என நான்கு மாதம் ஆகும்வரை போட வேண்டியதை ஒன்றோடு நிறுத்துவதும் இதே ரகச் சிக்கனம். பார்வோ வந்தால் நாள் தவறாமல் டிரிப்ஸ், குட்டி பிழைப்பதும் உறுதியில்லை.

ஒரு லாபத்தைச் சொல்லியாக வேண்டும்: சின்னி தெருநாய் ஜாதி. மூச்சுத்திணறும் சப்பை மூக்கு கிடையாது, இடுப்பெலும்புப் பிசகு அபூர்வம்.

ஜூலை 6

சின்னிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று, இலவசமாக. இன்று உலக ஜூனோசிஸ் தினம், விலங்கிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்களுக்கான நாள். 1885-இல் இதே தேதியில்தான் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ஊசி போட ஏற்பாடு செய்தார். நம் பக்கம் 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் வந்தது. அறிகுறி தெரிந்தபின் பிழைக்க வைக்க இன்றும் வழியில்லாத நோய்க்கு முகாம் வைத்து ஊசி போடுகிறார்கள், வரிசை பெரிதாக இல்லை. அண்ணன் பூனையைத் துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஜூலை 13

சின்னிக்குக் கருத்தடை செய்துவிடலாம் என்று முடிவு. செலவுதான். ஆனால் செய்யாத பெட்டைக்கு வயதானபின் கருப்பையில் சீழ் பிடித்தால் அதே அறுவை அவசரமாக, பலமடங்கு ஆபத்தோடு நடக்கும். குட்டிகளுக்கு வீடு தேடும் பாடும் மிச்சம். ரிட்டையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்பவர்கள் விட்டுப்போகும் நாய்களே பிளாக்குக்கு நாலு அலைகின்றன.

புதுச்சேரி குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயிற்சி மருத்துவமனை என்பதால் கட்டணம் குறைவு. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், கார் வாடகைதான் இடிக்கிறது. ஹஸ்கிக்காரருக்கும் அங்கேதான் போக வேண்டுமாம், தோல் அரிப்பு. பாதி வாடகை அவர் தருகிறார். ஏ.சி.யைக் குறைக்கச் சொல்லக் கூடாது என்பது மட்டும் அவர் போட்ட நிபந்தனை.