வௌவால்மீது போட்ட பழி

நான் பிராய்லர் கோழி வளர்த்தவன். நோய் கண்ட கோழிக்கு மட்டும்தான் ஆன்டிபயாடிக் கொடுத்தேன் என்று சொன்னால் அது பொய். குஞ்சு இறக்கிய அன்றே குடிதண்ணீரில் கலந்துவிடுவேன். வெயில் ஏறினாலும் கலப்பேன், மழை பிடித்தாலும் கலப்பேன். கோழி சற்றுத் தெளிந்ததும், செலவு மிச்சமென்று பாதியில் நிறுத்திவிடுவேன். கொடுத்தவற்றில் கொலிஸ்டினும் உண்டு. வேறெந்த மருந்தும் பலிக்காத நோயாளிக்கு மருத்துவர்கள் கடைசியாகக் கையிலெடுக்கும் மருந்து அது. 2019 ஜூலையில் மத்திய அரசு அதைப் பண்ணை விலங்குகளுக்குத் தடை செய்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது. அதற்குமுன் நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கால்நடை மருத்துவர் சொல்லியிருப்பார்.

தொட்டி கழுவிய தண்ணீர், மீந்த மருந்து, எரு கரைந்த மழைநீர் எல்லாமே வாய்க்கால் வழியாக ஊர்க்குட்டைக்குப் போயின. குட்டைக்கரை ஆலமரத்தில் பழந்தின்னி வௌவால்கள் அடைகின்றன. அவை தாழப் பறந்து, வயிற்று மயிர் நனையும்படி நீரைத் தொட்டுக்கொண்டு எழும். பிறகு கிளையில் தொங்கியபடி அந்த ஈரத்தை நக்கிக் குடிக்கும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நான் கொட்டியது அந்த நீரில்தான் இருக்கிறது என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவியபோது, மரத்தை வெட்டி வௌவால்களை விரட்ட வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினேன். கிருமியெல்லாம் அவற்றிடமிருந்துதான் வருகிறது என்றேன். நிபா வைரஸ் பழந்தின்னிகளிடம் இருப்பது உண்மை. ஆனால் வைரஸை ஆன்டிபயாடிக் தொடாது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவின் கதை வேறு. கண்டபடி மருந்து கொடுப்பதால் பெருகுவது அது. அதில் என் பங்கு இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் சாம்பல்தலைப் பழந்தின்னிகளின் எச்சத்தை ஆய்வாளர்கள் சோதித்தார்கள். மருந்தெதிர்ப்பு மரபணுக்களைச் சுமக்கும் இன்டெக்ரான் என்ற மரபணுத் துண்டுகள் அதில் இருந்தன. சுதந்திரமாகத் திரியும் வௌவால்களைவிட, மீட்கப்பட்டு மனிதர் பராமரிப்பில் இருந்தவற்றில் அவை பல மடங்கு அதிகம். யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். மனிதருக்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று தரும் ஈ.கோலை வகைகளும் அந்த வௌவால்களின் குடலில் இருந்தன. நோய் உண்டாக்கும் வீரியம் ஒன்று. மருந்துக்கு அடங்காத திறன் இன்னொன்று. இரண்டுக்குமான மரபணுக்கள் பிளாஸ்மிட் வழியாக ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியவை. இரண்டும் ஒரே கிருமியில் சேர்ந்தால் மருத்துவர் கையைப் பிசைய வேண்டியதுதான். வௌவாலோ ஒரே இரவில் பல கிலோமீட்டர் பறந்து, போகுமிடமெல்லாம் எச்சமிடும்.

எங்கள் ஊர் வௌவால்களை யாரும் சோதித்ததில்லை. அதைச் சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. மருந்து வாங்கியது நான், குட்டையில் விட்டது நான், பழியை ஊமைப் பிராணிமேல் போட்டதும் நான்.

பண்ணை வைத்திருப்பவர்களே, கால்நடை மருத்துவர் சொல்லாமல் ஆன்டிபயாடிக் கலக்காதீர்கள். அவர் சொன்ன நாள்வரை கொடுங்கள். மீந்ததை நீர்நிலையில் கொட்டாதீர்கள். எருவை நன்றாக மக்கவைத்த பிறகே வயலுக்கு அனுப்புங்கள். மரத்தை வெட்டக் கிளம்புமுன் உங்கள் மருந்து அலமாரியைத் திறந்து பாருங்கள்.