ஆடும் ஆளும்

ஆங்கிலம் கற்கும் நம் இளைஞரை மிரட்டுபவை புலிகளல்ல, பன்மைகள்! வாத்தாகிய 'கூஸ்' பலவானால் 'கீஸ்'. கீரியாகிய 'மங்கூஸ்' மராத்தியிலிருந்து சென்ற சொல். அது பலவானால் 'மங்கூஸஸ்'. செம்மறியோ ஒன்றாயினும் நூறாயினும் 'ஷீப்'தான். ஆட்டக் குழு ஒன்றை இங்கிலாந்தில் பன்மை வினையாலும் சுட்டுவர். அமெரிக்காவில் பெரும்பாலும் ஒருமையே. ஒரு மொழிக்குள் இத்தனை வழக்கா என்று வியப்போரே, நம் வீட்டிற்குள் வாருங்கள்!

தமிழிலும் 'ஆடு வந்தது' எனில் ஒன்று; 'ஆடு வந்தன' எனில் பல. பெயர் மாறவில்லை, வினையே எண்ணைக் காட்டுகிறது. பால்பகா அஃறிணைப் பெயர் என்றது நன்னூல். 'கள்' விகுதியை அஃறிணைப் பன்மைக்கே உரைத்தார் தொல்காப்பியர். அந்தக் 'கள்' குறளில் 'மற்றையவர்கள்' என மனிதரோடு ஒட்டிற்று. இன்று 'தலைவர் அவர்கள்' என மேடையேறி மாலை சூடி நிற்கிறது. மாட்டுக்குரிய விகுதி மரியாதை விகுதியாயிற்று!

விகுதி உயர்ந்தது; மனிதன் உயர்ந்தானா?

விழுப்புரத்திற்கும் திண்டிவனத்திற்கும் இடையே உள்ள சிற்றூர்களில் நிலமுடையோர் பேசக் கேட்டிருக்கிறோம்: "நடவுக்கு இருபது ஆள் வந்துச்சு." வந்தோர் நம் தாய்மார், நம் தமக்கையர். ஆடு வந்தாலும் 'வந்துச்சு'. ஆள் வந்தாலும் 'வந்துச்சு'! அதே வாய், பண்ணையார் ஒருவர் தனியே வந்தால் "ஐயா வந்தாங்க" என்று பணிகிறது. ஒருவர் பலராகிறார், இருபதின்மர் ஒன்றாகின்றனர்!

பேச்சு வழக்கில் 'வந்தன' மறைந்ததே காரணம் என்பர் சிலர். மறைந்தது மெய்யே. 'வந்தாங்க' மறையவில்லையே! அதை உழைப்பவருக்கு வழங்க ஏன் தயக்கம்?

1856-இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல், உயர்திணையை 'உயர்சாதி' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதினார். தொல்காப்பியரோ சாதி கேட்கவில்லை, நிலபுலன் கேட்கவில்லை. மக்கள் என்று சுட்டப்படுவதெல்லாம் உயர்திணை என்றார். சுட்டுவது யார்? பேசுகிற நாம்தான்!

தோழர்களே! இலக்கணம் தந்த உரிமையை வழக்கு பறித்தது. அதை மீட்கச் சட்டசபை கூட வேண்டியதில்லை. நம் நாக்கு திருந்தினால் போதும். "இருபது பேர் வந்தாங்க" என்று களத்துமேட்டிலே சொல்வோம், சொல்ல வைப்போம். சொல் மாறினால் மட்டும் கூலி உயர்ந்துவிடாது, அறிவோம். ஆயினும், ஆளை ஆடாக எண்ணும் வாய், கூலியைத் தீனியாகத்தான் எண்ணும்!