கம்ப்யூட்டருக்குள் ஒரு துளி

சாம்பாரில் மிதக்கும் எண்ணெயைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு துளிகள் தொட்டால் ஒன்றாகிவிடும். செல்லுக்குள்ளும் இதே கதைதான்! 2009-ல் கிளிஃபோர்ட் பிராங்வின், அந்தோணி ஹைமன் குழுவினர் ஒரு புழுவின் கருவில் இதைக் காட்டினார்கள். பி கிரானியூல் என்று சொல்லப்படும் பொட்டுகள் கட்டிகள் அல்ல. ஒன்று சேரும், வழியும், கரையும் துளிகள். சுற்றிலும் சவ்வு கிடையாது.

இந்த வேலையில் நிலையான வடிவம் இல்லாத புரதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. புரதம் எப்படி மடியும் என்று கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டை உருவாக்கியவர்களுக்கு 2024-ல் நோபல் கிடைத்தது. சரி, மடியவே மடியாத புரதத்துக்கு எந்த வடிவத்தைச் சொல்வது?

ஒவ்வொரு அணுவையும் கம்ப்யூட்டரில் நகர்த்திப் பார்க்கலாமே என்பீர்கள். ஒரு படிக்குச் சுமார் 2 ஃபெம்டோ விநாடிதான் நகரலாம். ஒரே ஒரு விநாடியைப் பார்க்க 500 லட்சம் கோடி படிகள் வேண்டும்!

அதனால் 2018-ல் டிக்னன், பெஸ்ட், மித்தல் முதலியோர் துணிந்து சுருக்கினார்கள். ஒரு அமினோ அமிலத்துக்கு ஒரு மணி. புரதம் ஒரு மணிமாலை. தண்ணீர் மூலக்கூறுகளே இல்லை. 20 வகை மணிகள். ஒவ்வொன்றுக்கும் அளவு, மின்னூட்டம், ஒட்டும் குணம். இப்படிப் பல மாலைகளை ஒரு நீளப் பெட்டியில் போட்டு ஓடவிட்டால் நடுவே அடர்ந்த பட்டை, இருபக்கமும் நீர்த்த பகுதி. வெப்பநிலையை ஏற்றிக்கொண்டே போனால் துளி எப்போது கரையும் என்று தெரிந்துவிடும்.

அருமை. ஆனால் சிக்கல் இனிமேல்தான்.

எஃப்.யு.எஸ். என்று ஒரு புரதம். அதில் வரும் சில மாற்றங்கள் ஏ.எல்.எஸ். நோயைத் தருகின்றன. ஸ்டீபன் ஹாக்கிங்கை நாற்காலியில் உட்கார வைத்ததே, அந்த நோய். இந்தப் புரதத்தின் துளிகள் நேரம் போகப் போக இறுகி நாராவதை 2015-ல் சோதனைக் கூடத்தில் பார்த்தார்கள். 156-வது அமினோ அமிலம் மாறினால் இன்னும் சீக்கிரம் இறுகுகிறது.

கம்ப்யூட்டரில் 156-வது மணியை மாற்றுவது ஒரு நிமிட வேலை. ஆனால் துளி நாராக இறுகும்போது புரதங்கள் தகடு தகடாக அடுக்கிக்கொள்கின்றன. அவற்றைப் பிடித்து வைப்பது முதுகெலும்பு அணுக்களுக்கிடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள். மணியாகச் சுருக்கியபோது காணாமல் போனது அதே அணுக்கள்தான்! ஆக, துளி உருவாவதைச் சொல்லும் மாலை, அது நோயாவதைத் தானாகச் சொல்லாது. பின்னால் வந்தவர்கள் அந்தப் பிணைப்பைத் தனி விதியாக வெளியிலிருந்து சேர்த்துப் பார்க்கிறார்கள்.

மாதிரியைக் குறை சொல்லிப் பயனில்லை. சுருக்காமல் இருந்திருந்தால் துளியையே பார்த்திருக்க முடியாது. ஆனால் இனி யாராவது 'கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது' என்றால், எதை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.