அப்பா கியர் குறைத்த இடம்

பிறையிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு அப்பா இருபது ஆண்டுகள் மோட்டார் சைக்கிளில் போய் வந்தது பினாங்குப் பாலத்தில்தான். 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலம். அவர் பின்னால் உட்கார்ந்து போன எனக்கு அது சமதளமாகவே தெரிந்தது.

சென்ற ஆண்டு அங்கே என் முதல் மாரத்தான். 42.195 கிலோமீட்டர். நள்ளிரவு தாண்டித் தொடக்கம். கூட்டத்தோடு சேர்ந்து முதல் பத்து கிலோமீட்டரைப் பறந்தேன். தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. பெருநிலம் தொட்டுத் திரும்பும்போது, நடுப்பாலத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கீழே கப்பல்கள் போவதற்காகப் பாலம் அங்கே உயர்கிறது. எதிர்க்காற்று வேறு. ஓரமாக நொண்டி நடந்தேன். தீவின் விளக்குகள் நெருங்கவே இல்லை.

எப்படியோ முடித்தேன். பசியாறும்போது, "நடுவுல ஏத்தம் இருக்குப்பா" என்றேன். அப்பா சிரித்தார். "நான் கியர் குறைக்கிற இடமாச்சே! காத்தடிச்சா மெதுவாத்தான் போவணும்."

அடுத்த ஓட்டத்துக்கு இப்போதே தயாராகிறேன். ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டம், கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டி. தண்ணீர் வைத்திருக்கும் இடமெல்லாம் நிற்பேன். முதல் பாதியில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். நடுப்பாலத்தில், அப்பா மாதிரி கியர் குறைப்பேன்.