சுத்தமான தெருவும் சத்தமான தெருவும்

எங்கள் ஊர் மடவளை பஸாரில் ஆபிரிக்கா என்றால் முன்பெல்லாம் மாணிக்கக்கல் பேச்சுத்தான் வரும். மடகாஸ்கருக்குக் கல் வாங்கப் போனவர், மொசாம்பிக்கில் ஏமாந்து வந்தவர் என்று கதைகள் நீளும். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்த பிறகு இன்னொரு பேச்சும் சேர்ந்துகொண்டது: "நம்மட நாட்டுக்கும் ருவாண்டாவுல மாதிரி ஒரு ஆள் வேணும் நானா." வேலையொன்றுக்காக நைரோபி போக வாய்த்ததும், அங்கிருந்து தரைவழியாகக் கிகாலி வரை போய்வரத் தீர்மானித்தேன். கென்யா, உகண்டா, ருவாண்டா மூன்றுக்கும் நூறு டொலரில் ஒரே சுற்றுலா விசா கிடைக்கிறது.

இலங்கையருக்கு நைரோபி சட்டென்று பிடிபட்டுவிடும். வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றன. பாலை ஊற்றிக் கொதிக்கவைத்த தேநீரை 'சாய்' என்கிறார்கள். உடம்பெல்லாம் ஓவியம் தீட்டி, பாட்டை அலறவிட்டு வரும் 'மட்டாட்டு' பஸ்களைப் பார்த்தால் நம்முடைய தனியார் பஸ்கள் அடக்கமானவை என்று தோன்றும். தக்காளி விற்கும் பெண்ணுக்கும் கைத்தொலைபேசி வழியாகவே காசு போகிறது. 2007இல் தொடங்கிய எம்-பெசா, வங்கி வாசலையே மிதிக்காதவர்களையும் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டது. நகரின் நடுவிலுள்ள ஜாமிஆ பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் புத்தகக் கடை, அத்தர்க் கடை, சோமாலிய வியாபாரிகள் என்று ஒரே சந்தடி.

ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே எச்சரிக்கிறார். மஃரிபுக்குப் பிறகு நடக்க வேண்டாம், டாக்ஸி எடுங்கள் என்று விடுதிக்காரர் சொல்கிறார். வசதியானவர்களின் மதில்களில் மின்கம்பி ஓடுகிறது. கொஞ்சத் தூரத்தில் கிபேராவின் தகரக் கூரைகள் முடிவில்லாமல் தெரிகின்றன. ஒருவரின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக உறவினரும் நண்பரும் சேர்ந்து பணம் திரட்டுவதை அங்கே 'ஹரம்பே' என்கிறார்கள். என் டாக்ஸி சாரதியின் வாட்ஸ்அப்பில் அப்படி மூன்று குழுக்கள் இருந்தன. அரசாங்கம் 2024 ஒக்டோபரில் பழைய காப்புறுதியை மாற்றி, சம்பளத்தில் 2.75 வீதம் பிடிக்கும் புதிய திட்டத்தைத் தொடங்கியது. "பிடிக்கிறது மட்டும் தவறாமல் பிடிக்கிறார்கள்" என்றார் அவர்.

அதை அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. ஜனாதிபதியின் பெயரைச் சொல்லி, சிக்னலில் கண்ணாடியை இறக்கி, பக்கத்து வண்டிக்காரரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டு திட்டினார். வரிச் சட்டமூலத்துக்கு எதிராக 2024 ஜூன் 25இல் இளைஞர்கள் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும், பலர் சுட்டுக் கொல்லப்பட்டதும், மறுநாளே ஜனாதிபதி ரூட்டோ சட்டமூலத்தைக் கைவிட்டதும் அங்கே எல்லோர் வாயிலும் இருக்கிறது. நான் இலங்கை என்றதும், "நீங்கள் 2022இல் ஜனாதிபதி மாளிகையில் நீந்தியவர்கள் அல்லவா?" என்று சிரித்தார். வேறெந்த நாட்டிலும் எனக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை.

நைரோபியில் ஏறிய பஸ் உகண்டாவைக் கடந்து ருவாண்டாவின் கதுனா எல்லைக்கு வந்தது. ருவாண்டா அதிகாரிகள் பைகளைத் திறந்து பார்ப்பது ஆயுதத்துக்காக மட்டுமல்ல, பொலித்தீன் பைகளுக்காகவும்தான். 2008 முதல் அவை அங்கே தடை. எல்லை தாண்டியதும் பஸ் வலப்பக்கத்துக்கு மாறுகிறது. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும் வீதியும் சரிவெங்கும் தேயிலையும் வாழையும் ஹந்தானையை நினைவூட்டும். அந்தத் தேயிலை ஏலத்துக்குக் கென்யாவின் மொம்பாசாவுக்குத்தான் போகிறது.

கிகாலியின் சுத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதெல்லாம் உண்மை. விடியற்காலையில் பெண்கள் வீதி பெருக்குகிறார்கள். மோட்டார் சைக்கிள் டாக்ஸிக்காரர் உங்களுக்கும் ஒரு ஹெல்மெட் தருகிறார். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலையில் 'உமுகாண்டா' என்ற சிரமதானத்துக்காக ஊரே வெளியே வருகிறது. இரவு பத்து மணிக்கும் பெண்கள் தனியே நடந்து போகிறார்கள். சந்திகளில் துப்பாக்கியோடு சிப்பாய்களும் நிற்கிறார்கள்.

முஸ்லிம்கள் செறிந்து வாழும் பிர்யோகோவில் வாகனம் நுழையாத ஒரு தெருவுக்கு வண்ணம் பூசி மேசை போட்டிருக்கிறார்கள். ஆட்டிறைச்சிக் குச்சியும் இஞ்சிப் பால் தேநீரும் முன்னால் வர, கடைக்காரப் பெரியவர் 1994ஐப் பற்றிப் பேசினார். நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் அளவில் கொல்லப்பட்ட காலம் அது. அப்போது முஸ்லிம்கள் பலர், கொலைக்கு இலக்கான துட்சி இனத்தவரைத் தங்கள் வீடுகளிலும் பள்ளிகளிலும் ஒளித்துவைத்தார்கள். பின்னர் பலர் இஸ்லாத்தைத் தழுவியதற்கு அதுவும் ஒரு காரணம் என்பார்கள். கிசோசியிலுள்ள நினைவகத்தில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே நிற்கும்போது எனக்கு எங்கள் ஊருக்குச் சில மைல் தள்ளியிருக்கும் திகன ஞாபகம் வந்தது. 2018 மார்ச்சில் அங்கே முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிகளும் எரிந்த இரவுகளில், ஊரடங்குச் சட்டம் இருந்தும் மடவளையில் யாரும் தூங்கவில்லை. இரண்டு அழிவுகளின் அளவும் ஒன்றல்ல. ஆனால் பக்கத்து ஊரை நினைத்துப் பயப்படாமல் தூங்குவதும் வாழ்க்கைத் தரத்தில் சேர்த்தி என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தக் கணக்கில் கிகாலி முன்னால் நிற்கிறது.

வைத்தியத்திலும் அப்படியே. 'மியூத்துவெல்' என்ற சமூகக் காப்புறுதியில் மக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பல ஆண்டுகளாகப் பெரும்பாலோர் கட்டியது தலைக்கு வருடம் 3,000 பிராங்க். மிக ஏழைகளுக்கு அரசாங்கமே கட்டியது. 2016 முதல் தொலைதூர ஆஸ்பத்திரிகளுக்கு ட்ரோனில் இரத்தம் போகிறது. கென்யாவின் தனிநபர் வருமானம் ருவாண்டாவைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் சராசரி ஆயுள் ருவாண்டாவில்தான் சில வருடங்கள் கூட.

இத்தோடு நிறுத்தினால் பஸார் பேச்சு சரியென்றாகிவிடும். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. 2019-20 ஆய்வின்படி ருவாண்டாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 33 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். போதிய போஷாக்கு இல்லாமல் வளர்ந்தவர்கள். கென்யாவில் 2022இல் அது 18 வீதம். இலங்கையில் 2016இல் 17. பெருக்கிய வீதியைப் பார்த்து வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்று சொல்ல முடியாது.

பெரியவரிடம் தேர்தலைப் பற்றிக் கேட்டேன். ஜனாதிபதி ககாமே 2024 ஜூலையில் 99 வீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றிருந்தார். எதிர்த்துப் போட்டியிட விரும்பிய விக்டோயர் இங்காபிரேவுக்கு அனுமதி கிடைக்கவில்லை. பெரியவர் கோப்பையைத் துடைத்தபடி, "இங்கே எல்லாம் நல்லது" என்றார். 1994ஐப் பற்றி அவ்வளவு விரிவாகப் பேசியவர் இதற்கு மூன்று சொற்களோடு நிறுத்திக்கொண்டார்.

நோயாளியாக இருந்தால் நான் ருவாண்டாவின் ஏழையாக இருக்க விரும்புவேன். அநியாயம் நடந்தால் கென்யாவின் ஏழையாக. ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் கென்யாவைத்தான் எடுப்பேன். அதற்குக் காரணம் எங்கள் நாட்டிலேயே இருக்கிறது. கண்டி தேசிய வைத்தியசாலையில் காசு கேட்காமல் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். மலையுச்சிப் பிள்ளையும் காசு கட்டாமல் படிக்கிறது. இவற்றைத் தனியொரு பலசாலி தூக்கித் தந்துவிடவில்லை. 1931இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்த பிறகு, அந்த வாக்கைக் கேட்டு வாசலுக்கு வந்தவர்கள் கொடுத்தே ஆகவேண்டியிருந்தவை இவை. கிகாலியின் காப்புறுதியையும் இரவு வீதியையும் நாம் தாராளமாகப் படித்துக்கொள்ளலாம். அவற்றுக்காக வாயை ஈடு வைத்தால், நாளை மருந்து தீரும் நாளில் தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட ஆளிருக்காது.