மின்பொறிச் சுருள்

பூந்தமல்லியினின்று ஆவடிக்குச் செல்லும் சாலையில் பாரிவாக்கம் என்றோர் ஊர் உளது. அவ்வூர்ப் பெயரைக் காணுந்தோறும் முல்லைக்குத் தேர் ஈந்த பாரியை நினைப்பது தமிழ் பயில்வார்க்கு இயல்பே. பெயரொப்புமையன்றி வேறு தொடர்பு கற்பிக்க நான் முற்படவில்லை. ஆயினும், சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமைக் காலையில் என் தந்தையாரின் மோட்டார் வண்டி அவ்வூரருகே தடுமாறியபோது, இதனையும் ஏதேனும் ஒரு கொடிக்கு ஈந்துவிட்டு நடந்தே போய்விடலாமா என்று தோன்றிற்று.

வண்டி முற்றும் நின்றுவிடவில்லை. கால் நொண்டும் மாடு போலத் துள்ளித் துள்ளிச் சென்றது. முகப்பிலுள்ள எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு ஒளிர்ந்தது. அப்பா அவ்வண்டியை வாடகைக்கு ஓட்டுபவர். ஓடாத நாளில் வருவாய் இல்லை. வழியில் ஒரு பட்டறையில் காட்டினோம். அவர்கள் எதனையும் கழற்றிப் பாராமலே, "காயில் நான்கும் போய்விட்டன; ரூ. 9,600 ஆகும்" என்றனர். என் கல்லூரிக் கட்டணத்திற்கென ஒதுக்கிய தொகையை எடுக்கலாமா என்று அப்பா தமக்குள் கணக்கிடுவதை அவர் முகத்திற் கண்டேன். நான் வாய் திறவாதிருந்தேன். காரணம் பின்னர்க் கூறுவேன்.

காயில் என்பது கம்பிச் சுருள். என் பாட்டனார் ஓட்டிய அம்பாஸிடர் வண்டியில் நான்கு சிலிண்டருக்கும் ஒரே சுருள்தான். அதன் மின்சாரத்தை டிஸ்டிரிபியூட்டர் முறை வைத்துப் பங்கிட்டது. இக்காலத்து வண்டிகள் பலவற்றில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கின் தலைமேலும் தனித்தனிச் சுருள் அமர்ந்திருக்கிறது. அதனுள்ளே பருமனான கம்பி சில சுற்றும், மயிரினும் மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றும் உள்ளன. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் பருங்கம்பியில் ஓடிக்கொண்டிருக்கையில் அதனைச் சட்டென அறுத்தால், மெல்லிய கம்பியில் 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழுகின்றது. அது பிளக்கின் நுனியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாகிப் பெட்ரோல் ஆவியைக் கொளுத்துகின்றது. எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுங்கால், ஒவ்வொரு சுருளும் விநாடிக்கு 25 பொறி தரவேண்டும்! ஆவடியிற் செய்யப்படும் டாங்கிகளுக்கு இத்தொல்லை இல்லை. அவை டீசலால் ஓடுவன, அழுத்தத்தின் வெம்மையிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும்.

இவ்வுண்மைக்கு வித்திட்டவர் மைக்கேல் பாரடே. 1831-இல் ஓர் இரும்பு வளையத்தில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை இணைக்கும்போதும் அறுக்கும்போதும் மற்றொன்றில் மின்சாரம் எழக் கண்டார். கொல்லர் மகன், புத்தகம் கட்டும் தொழில் பயின்றவர், இலண்டனில் ஒரு சிறு கிறிஸ்தவ சபையின் மூப்பராயும் இருந்தவர்.

மறுபடியும் வண்டிக்கு வருவோம். பூந்தமல்லியில் எங்களுக்குப் பழக்கமான பாய் ஒருவர் பட்டறை வைத்திருக்கிறார். விளக்கு மின்ன மின்ன வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டி வந்ததற்காக முதலில் எங்களைக் கடிந்துகொண்டார். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிஸ்டிற் சென்று எரிந்து அதனைக் கெடுத்துவிடுமாம். அதன் விலைக்குக் காயில் விலை எம்மாத்திரம்! பின்னர் ஸ்கேனரை மாட்டினார். பி0303 என்று காட்டிற்று; மூன்றாம் சிலிண்டர் எரியவில்லை என்பது அதன் பொருள். எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, மூன்றாம் காயிலையும் இரண்டாம் காயிலையும் இடம் மாற்றிப் பூட்டினால் குற்றம் எதனுடன் செல்கிறதென்று தெரியும் என்றார். குற்றம் இரண்டாவதற்கு மாறினால் காயில் பழுது. மூன்றிலேயே நின்றால் பிளக்கு முதலியவற்றைப் பார்க்கவேண்டும். எவ்வளவு எளிய சோதனை! நான்கையும் மாற்றச் சொன்னவர்கள் இதனைச் செய்யாதது ஏனோ?

சோதனைக்கே வேலையில்லாமற் போயிற்று. பூட்டை நெகிழ்த்தி இணைப்பைக் கழற்றி, மூன்றாம் காயிலை மெல்லத் திருகி மேலே எடுத்தார். குழியில் நீர் தேங்கியிருந்தது. காயிலின் ரப்பர் உறை மேல்விளிம்பில் வெடித்திருந்தது. அதன் உட்புறம் கரிக்கோடு ஒன்று ஓடிற்று. மின்சாரம் பிளக்கிற்குச் செல்லாமல் அவ்வழியே நழுவியிருக்கிறது.

"2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் இப்படிப் பல வண்டிகள் வந்தன. இப்போது வெள்ளமும் இல்லை, மழையும் இல்லை. தம்பி, எஞ்சினுக்குத் தண்ணீர் அடித்தது யார்?" என்றார் பாய்.

அடித்தவன் நானே. ஞாயிறு ஆராதனைக்குச் செல்லுமுன் வண்டி பளபளக்க வேண்டுமென்று, சனிக்கிழமை மாலை எஞ்சின்மேல் குழாய்நீரை விசையுடன் பாய்ச்சியிருந்தேன். கோயிலுக்குச் செல்லும் வழியிலேயே அது சற்று நடுங்கிற்று. சாலைக் குழி என்று அப்பா எண்ணினார். நான் அறிந்தும் அறியாதவன் போலிருந்தேன். பட்டறையில் ரூ. 9,600 என்றபோதும் அவ்வாறே இருந்தேன். இப்போது இருவர் முன்னிலையிலும் சொன்னேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை. பிளக்குக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் காற்றடித்து நீரை முற்றும் வெளியேற்றிய பின்னரே பிளக்கைக் கழற்றினார். முன்னரே கழற்றினால் நீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். துருவேறிய அதற்குப் பதில் புதியதொன்றைக் கையாலேயே மரை பிசகாமல் திருகி, பின்னரே சாவியால் அளவாய் இறுக்கினார். புதிய ரப்பர் உறை ஒன்றை மாட்டி, அதனுள் சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவினார். காயில் பழையதே. வண்டி நடுக்கமின்றி ஓடிற்று. எல்லாம் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

திரும்பும் வழியில் பாரிவாக்கம் கடக்கும்வரை அப்பா பேசவில்லை. பின்னர், "அடுத்த சனிக்கிழமை ஈரத்துணியால் துடை; எஞ்சின் மூடியைத் திறவாதே" என்றார்.