கண்டதும் கொண்டதும்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மாணவர்கள் வந்து கேட்டபோது, இலக்கியக் கட்டுரை ஒன்றை எழுதித் தரவே எண்ணினேன். ஆனால், இதனைப் போன்றதொரு மாணவர் இதழில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய கட்டுரையொன்று இன்றளவும் திருத்தப்படாமல் கிடக்கிறது. அந்தக் கடனை முதலில் அடைப்பதே முறையென்று மனம் சொல்லிற்று. ஆதலின் இலக்கியத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, என் பிழையொன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பனங்காட்டு வெளிச்சம்

1985ஆம் ஆண்டு, பிப்ரவரித் திங்கள். நான் இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு மாணவன். விடுதித் தோழர் ஒருவரும் நானும் திருமண வீடொன்றிற்குச் சென்றுவிட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். அவர் இயற்பியல் மாணவர். சாலையின் இருமருங்கும் பனங்காடு. ஊர் விளக்குகள் ஏதுமற்ற கும்மிருட்டு.

இடப்பக்கச் சன்னல் வழியே அதனைக் கண்டேன். பனைமரங்களுக்கு மேலே வெண்ணிறத்தில் பெருவெளிச்சம் ஒன்று எங்கள் பேருந்தோடு ஓடி வந்தது. மரங்களுக்கு இடையே புகுந்தது, மறைந்தது, மீண்டும் தோன்றிற்று. பேருந்து விரைந்தால் அதுவும் விரைந்தது. நிறுத்தத்தில் நாங்கள் நின்றால் அதுவும் நின்றது. நேரம் செல்லச் செல்லத் தாழ இறங்கியது. சிவப்பு, பச்சை என நிறம் மாறி மாறி நடுங்கியது. இரவு ஒன்பது மணியைக் கடந்த வேளையில் தொலைவிலிருந்த மரவரிசையின் பின்னே இறங்கி அணைந்துபோயிற்று.

பறக்கும் தட்டுகளைப் பற்றிய கதைகளை வார இதழ்களில் ஆவலோடு படித்து வந்த காலம் அது. எனக்கு ஐயமே எழவில்லை. விடுதிக்கு வந்ததும் உறக்கமின்றி எழுதினேன். எங்கள் கையெழுத்து இதழில் மூன்று பக்கக் கட்டுரையாக அது இடம்பெற்றது. எழுதும்போது என் பேனா கண்ணை முந்திக்கொண்டது. வெளிச்சத்திற்கு வட்ட வடிவம் வந்தது. வட்டத்தில் வரிசையாகச் சன்னல்கள் முளைத்தன. வண்டின் ரீங்காரம் போன்றதோர் ஓசையும் கேட்டது. இறுதியில், 'உடன் வந்த நண்பரும் இதற்குச் சாட்சி' என்று அவர் பெயரையும் எழுதிவிட்டேன். அவரை நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

இதழைப் படித்த நண்பர் அனைவர் முன்னிலையிலும் அமைதியாகச் சொன்னார்: "வெளிச்சத்தைப் பார்த்தேன். சன்னல் எதையும் பார்க்கவில்லை. ஓசையும் கேட்கவில்லை. அந்தப் பேருந்து இரைச்சலில் எந்த ஓசை கேட்கும்?"

அவ்வளவுதான். விடுதி முழுவதும் அவரைப் பார்த்து நகைத்தது. கண்ணெதிரே வந்த அதிசயத்தைக் காணத் தெரியாதவர் என்று 'அரைக்கண்ணர்' என்னும் பட்டப்பெயரைச் சூட்டினார்கள். நான் அதனைத் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்வதானால், நானும் ஓரிருமுறை அப்பெயரால் அவரை அழைத்தேன்.

ஐந்து கேள்விகள்

இரு வாரங்கள் கழித்து ஊருக்குச் சென்றேன். எங்கள் பாட்டனார் இளமையில் தோணியில் இலங்கைக்குச் சென்று வந்தவர். ஊரில் பிறை பார்க்கும் மாலைகளில் பெரியவர்கள் அவரை அழைத்து உடன் வைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரில் பாட்டனாரை 'அப்பா' என்றுதான் அழைப்போம். என் கட்டுரையைப் பெருமிதத்தோடு அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறாய் வாப்பா. சிலது கேட்கிறேன், சொல்" என்றார்.

"எந்தத் திசையில் பார்த்தாய்?"

"மேற்கே, அப்பா."

"முதலில் பார்க்கும்போது எவ்வளவு உயரம்? கையை நீட்டிக் காட்டு."

கையை நீட்டி முட்டியை மடக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் காட்டினேன். இரண்டு முட்டி உயரம் வந்தது.

"அது ஓடிற்றா, உன் வண்டி ஓடிற்றா?"

விடை சொல்லத் தெரியாமல் நின்றேன்.

"எந்தப் பக்கம் மறைந்தது?"

"மேற்கேதான், அப்பா."

"மறுநாள் அதே நேரத்தில் அங்கே பார்த்தாயா?"

இல்லை. பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

மறுநாள் அந்திக்குப்பின் ஊருக்கு மேற்கேயுள்ள உப்பளத் திடலுக்கு என்னை அழைத்துச் சென்றார். மேற்கு வானில் அதே வெளிச்சம் நின்றுகொண்டிருந்தது. உப்பளத்து மரக்கம்பம் ஒன்றின் நுனிக்கு நேராக அது தெரியும் இடத்தில் என்னை அமரச் செய்து, அசையாதே என்றார். அரைமணி நேரத்தில் அது கம்பத்தின் நுனியைவிட்டுக் கீழே இறங்கியிருந்தது, ஓடவுமில்லை, தாவவுமில்லை. அடிவானத்தை நெருங்கியபோது அன்று கண்ட அதே சிவப்பும் பச்சையும் அதில் நடுங்கின. பிறகு மறைந்தது.

"இது வெள்ளி, வாப்பா. உன் உம்மா பிறக்குமுன்னும் அந்திக்கு வந்தபோதெல்லாம் இந்தப் பக்கம்தான் இறங்கிற்று" என்றார் பாட்டனார். வரும் வழியில் இன்னொன்றும் சொன்னார்: "பிறை பார்த்தேன் என்று வருகிறவனிடமும் இதையேதான் கேட்போம். அவன் பொய் சொல்கிறான் என்பதற்காக இல்லை. ஆசைப்பட்டவன் கண்ணுக்கு, இருப்பதற்கு முன்னே தெரிந்துவிடும்."

அன்றிரவு எனக்கு உண்டான நாணத்தில் ஒரு பங்கு தமிழ் மாணவன் என்ற முறையிலும் உண்டானது. நாண்மீன் வேறு, கோண்மீன் வேறு என்று நம் சங்கப் புலவர்கள் பிரித்து வைத்திருந்தனர். வெண்மீனாகிய வெள்ளி திசைமாறித் தெற்கே சென்றாலும் காவிரி பொய்யாது என்று தொடங்குவது பட்டினப்பாலை. தேர்வில் 'வெண்மீன் என்பது வெள்ளி' என்றெழுதி மதிப்பெண் பெற்றவன் நான். அந்த வெள்ளி வானில் வந்து நின்றபோது அடையாளம் தெரியாமல் அயலுலக ஊர்தி என்று எழுதினேன்.

கண் செய்யும் கற்பனை

கதிரவனுக்கும் நிலவுக்கும் அடுத்தபடியாக வானில் ஒளிமிக்கது வெள்ளியே. இரவில் ஒளிமிக்க விண்மீனாகிய சிரியசைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் அது ஒளிரக்கூடும். நம் பார்வையில் கதிரவனைவிட்டு ஏறத்தாழ 47 பாகைக்கு மேல் அது விலகுவதில்லை. ஆதலால் சில திங்கள் அந்தியில் மேற்கே தோன்றும். சில திங்கள் விடிவெள்ளியாகக் கிழக்கே தோன்றும். இடையே சில காலம் கண்ணுக்குப் படாமலே போகும். நெடுநாள் இல்லாத இடத்தில் திடீரெனப் பேரொளி வந்து நிற்பதால், அறியாதவர்க்கு அது புதியதாகப் படுகிறது.

அது நம்மைத் தொடர்ந்து வருவதாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. அருகிலுள்ள மரங்கள் பின்னே ஓடுகின்றன; கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள வெள்ளியின் திசையோ நாம் சில மைல் பயணித்தாலும் மாறுவதில்லை. நிலா நம்மோடு நடந்து வருகிறது என்று குழந்தைகள் மகிழ்வதும் இதனாலேயே. இருட்டில் ஒற்றைப் புள்ளி ஒளியை நெடுநேரம் உற்று நோக்கினால், ஒப்பிட வேறு பொருள் இன்மையால், அது அசைவதாகக் கண் தானே கற்பித்துக்கொள்ளும். அடிவானத்தை அணுகும்போது ஒளி அடர்ந்த காற்றினூடே நெடுந்தொலைவு வருகிறது. காற்றின் கொந்தளிப்பு அதனை நடுங்கச் செய்யும். ஒளிவிலகல் நிறங்களைப் பிரித்துக் காட்டும். நான் கண்ட 'நிறம் மாறும் விளக்கு' அதுவே.

இன்று வானில் மயக்கம் தரும் பொருள்கள் பெருகிவிட்டன. நம்மை நோக்கி வரும் விமானத்தின் முகப்பு விளக்கு நெடுநேரம் அசையாதது போல் நிற்கும். 2019ஆம் ஆண்டு மே மாதம் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் அறுபது ஒரே ஏவூர்தியில் அனுப்பப்பட்டபோது, மணிமாலைபோல் வரிசையாகச் சென்ற அவ்வொளிகளைக் கண்டு பல நாட்டினரும் திகைத்தனர். கைபேசியில் எடுத்த மங்கலான படம் திகைப்பைக் கூட்டுமேயன்றித் தீர்ப்பதில்லை.

உலகம் மயங்கிய கதை

மயங்கியவன் நான் ஒருவன் மட்டும் அல்லன். 1947ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், கென்னத் அர்னால்டு என்னும் அமெரிக்க விமானி ரெய்னியர் மலையருகே ஒன்பது ஒளிப்பொருள்கள் விரைந்து செல்வதைக் கண்டதாகக் கூறினார். நீர்மேல் தட்டை வீசினால் தத்திச் செல்வதுபோல அவை சென்றன என்று அவர் உவமை சொன்னார். அவர் சொன்ன தட்டு ஓட்டத்திற்கு உவமை. செய்தித்தாள்கள் அதனை வடிவமாக்கிவிட்டன. 'பறக்கும் தட்டு' பிறந்தது. உவமை பொருளாக மாறிய இவ்விந்தை இலக்கிய மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது. அதன்பின் 1969 வரை அமெரிக்க விமானப்படை 12,618 செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தது. அவற்றுள் 701 மட்டுமே இன்னதென அறியப்படாதவையாக எஞ்சின. மற்றவற்றுள் கோள்களும் விண்மீன்களும் விமானங்களும் பலூன்களும் மிகுதி.

விளக்கம் சொல்வோரும் அவசரப்படுதல் கூடாது. 1948ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள், கென்டக்கியில் தாமஸ் மான்டெல் என்னும் இளம் விமானி, வானில் தெரிந்த பொருளொன்றைத் துரத்தி, போதிய உயிர்வளி இன்றி மிக உயரே சென்று, விமானம் விழுந்து உயிர் துறந்தார். அவர் கண்டது வெள்ளியே என்று முதலில் விளக்கம் தரப்பட்டது. ஆனால் பட்டப்பகலில் அவ்வளவு தெளிவாகத் தெரியுமளவு வெள்ளி அன்று ஒளிரவில்லை. கடற்படை மறைவாகப் பறக்கவிட்டு வந்த பெரிய ஆய்வு பலூனாகவே அது இருந்திருக்கும் என்பது பின்னர்ப் பலரும் ஏற்ற கருத்து. எல்லாவற்றையும் வெள்ளி என்று சொல்லிவிடுவதும் பாராமல் சொல்லும் சொல்லே.

நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் கூறுகிறேன். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் 2013ஆம் ஆண்டு பிப்ரவரி வரை, லடாக்கில் பாங்காங் ஏரிப் பகுதியில் எல்லை காத்த நம் படைவீரர்கள் வானில் ஒளிப்பொருள்களை மீண்டும் மீண்டும் கண்டனர். சீனாவின் ஆளில்லா வேவு விமானங்களோ என்று ஐயுற்றனர். 329 முறை அவ்வாறு பதிவு செய்யப்பட்டதாகப் பின்னர்ச் செய்தி வெளியாயிற்று. எல்லையில் இத்தகைய ஐயம் விளையாட்டன்று. தவறான ஒரு சுடுதல் இரு நாடுகளையும் போருக்கு இழுத்துவிடக்கூடும். வீரர்கள் சுடவில்லை, அறிந்தோரைக் கேட்டனர். பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிஞர்கள், எந்தத் திசை, எந்த உயரம், விண்மீன்களிடையே அதன் நகர்வு எவ்வாறு என்று ஆராய்ந்தனர். கண்ட பொருள்கள் இரண்டு: ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. நான்காயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், தூய மெல்லிய காற்றில், அவை கண்ணைப் பறிக்கும் ஒளியோடு தெரிந்தன. நம் சவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் இந்நிறுவனமே.

இச்செய்தியை 2013இல் நாளிதழில் படித்தபோது என் கை நடுங்கிற்று. அறிஞர்கள் கேட்ட கேள்விகளை நான் முன்பே கேட்டிருக்கிறேன், ஓர் உப்பளத் திடலில்.

திருத்தம்

இனி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து திரும்பிய நான் உண்மையை அறிந்தே திரும்பினேன். அடுத்த மாதக் கையெழுத்து இதழில், 'நான் கண்டது வெள்ளி. சன்னலும் ஓசையும் என் கற்பனை. நண்பர் சொன்னதே உண்மை' என்று மூன்று வரி எழுதியிருந்தால் போதும். எழுதவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்து நகைப்பார்களே என்று அஞ்சினேன். என்மீது விழவேண்டிய நகைப்பைப் படிப்பு முடியும்வரை நண்பர் சுமந்தார். வெள்ளியைத் தட்டு என்றது அறியாமை, அது மன்னிக்கத்தக்கது. அறிந்தபின்னும் வாய்மூடி இருந்ததற்கு நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

அச்செய்தியைப் படித்த அன்றே, வளைகுடா நாடொன்றில் பணியாற்றிக்கொண்டிருந்த நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பிறகு, "அது வெள்ளி என்று அன்றைக்கு எனக்கும் தெரியாது மச்சான். பார்த்ததை மட்டும் சொன்னேன்" என்றார். மேலும் சிரித்துக்கொண்டே, "இங்கே நம் கல்லூரிக்காரர்கள் நாலைந்து பேர் இருக்கிறார்கள். இன்னமும் அரைக்கண்ணர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுதிப் பரப்பினாய் அல்லவா, எழுதியே திருத்திவிடு" என்றார். திருத்துகிறேன் என்றேன். அதன் பின்னரும் ஆண்டுகள் பல தள்ளிப்போட்டேன்.

அன்பு மாணவர்களே! நீங்கள் வானியல் அறிஞராக வேண்டும் என்பதற்காக இதனை எழுதவில்லை. எதைக் கண்டாலும் பாட்டனாரின் ஐந்து கேள்விகளை உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். கண்டது எவ்வளவு, மனம் கொண்டது எவ்வளவு என்று பிரித்து எழுதுங்கள். பிறர் பெயரைச் சாட்சியாக எழுதுமுன் அவரை ஒரு சொல் கேளுங்கள்.

1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் பனங்காட்டுச் சாலையில் நான் கண்டது வெள்ளிக்கோள். அதில் சன்னல்கள் இல்லை. ஓசை எதுவும் எழவில்லை. உடன் வந்த என் நண்பர் இரு கண்ணும் உடையவர். அன்று கண்டதைக் கண்டவாறு சொன்னவர் அவர் ஒருவரே.